கீழ்த்தட்டுக் குளிர்

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்ட ஓசை கேட்டதும், தன்னைத்தான் அழைக்கப் போகிறார்கள் என்று மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். யாரும் அழைக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள். கூட்ட அறைக்கு வெளியே போட்டிருந்த அந்த நீள இருக்கை ஒரு மூலையில் சற்றுத் தாழ்ந்திருந்தது. எழும்போதும் உட்காரும்போதும் 'டக்'கென்று தரையில் இடித்தது. கோணலாக நிற்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பைக்குள் கிடந்த பழைய அழைப்பிதழ் ஒன்றை நான்காக மடித்து அந்த மூலைக்கு அடியில் செருகினாள். அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. நான்கு மடிப்புக் காகிதத்தில் சரியாகிவிடக்கூடிய கோணல்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கின்றன என்று நினைத்தாள். நினைத்தவுடன் ஏனோ காலையில் கணவர் அறவாழி உட்கார்ந்திருந்த காட்சி வந்தது. கூடத்து நாற்காலியில், செய்தித்தாளை விரித்துக்கொண்டு, இரண்டு கால்களிலும் வெள்ளைக் காலுறையோடு. திருச்சிச் சித்திரை வெயிலில் காலுறை போடுகிறவர் யார்? புண்ணின் கட்டு அழுக்காகக் கூடாதென்று இடக்காலுக்கு மட்டும் போட்டுவிடுவது அவள் பழக்கம். பல மாதங்களாக ஒரு கால் வெள்ளையாகவும் ஒரு கால் வெறுமையாகவும் அவர் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் விழுந்த தூசியைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று உறுத்தவில்லை. இரண்டும் ஒரே வெண்மையில், அணிவகுப்புக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையின் கால்களைப் போல. நன்றாகத்தான் இருந்தது. தோசைத் தட்டை அருகில் வைத்துவிட்டு, "சட்னியில தேங்காய் கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவந்துவிட்டாள்.

அவள் உள்ளே போய்க் கேட்க வேண்டியது பத்து எலிகளை. விலங்குகளை வைத்துப் பரிசோதனை செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழு இந்த அறையில் கூடும், எத்தனை விலங்கு, எதற்காக, இன்னும் குறைக்க முடியாதா என்று கேட்கும், கேட்பது நியாயம். பத்து எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் இரண்டு விடைகள் இருந்தன. 'கூடுதல் உறுதிக்காக' என்பது ஒன்று. 'முந்தைய பரிசோதனை செல்லாது' என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொன்னால் பத்து எலிகளும் கிடைக்கும். அவளுடைய ஆய்வகத்தில் ஈஸ்டுக்குள் விளைவித்தெடுத்த புரதத்தைக் குழைத்துச் செய்த அந்தக் களிம்பை, ஆடி மாதத்தில் சர்க்கரைப் புண்ணுள்ள மனிதர்களுக்குப் பூசிப் பார்க்கும் வேலையும் தடையில்லாமல் தொடங்கும். மருத்துவமனையில் அந்த வரிசைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களில் அறவாழியும் ஒருவர். இரண்டாம் விடையைச் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். மறுபடியும் எலியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஆகும். அவருடைய காலுக்கு இரண்டு ஆண்டுகள் இல்லை. "மழைக்காலத்துக்குள்ள ஆறலைன்னா கணுக்காலோட எடுத்துடறது நல்லதும்மா" என்று அறுவை மருத்துவர் சொன்னபோது, அவர் மேசையின் மேலிருந்த பேனாக்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடந்ததை அவள் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கண்ணாடி மட்டும் அன்று கீழே விழாமல் இருந்திருந்தால். அதையே மறுபடி மறுபடி நினைத்தாள். விலங்குக் கூடத்தில் குனிந்து எதையோ பார்த்தபோது கண்ணாடி நழுவி, எலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இரும்புத் தாங்கிக்கு அடியில் போய்விட்டது. இந்த ஐம்பத்தாறு வயதில் முழங்காலிட்டுக் கையை நுழைத்துத் துழாவினாள். அப்போதுதான் பிடரியில் அது பட்டது. குளிர். குளிரூட்டியிலிருந்து இறங்கும் காற்று எதிர்ச்சுவரில் மோதி வழிந்து, தரையையொட்டி வந்து, சரியாகக் கீழ்த்தட்டின் மேல் அலையலையாக விழுந்துகொண்டிருந்தது. நின்றபடி பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நின்றபடியேதான் அவள் ஓராண்டாகப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி கைக்கு எட்டிவிட்டது, எடுக்கவில்லை. கண்ணாடியில்லாத மங்கலில், கீழ்ப்பெட்டியில் இருந்தவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, ஒரே உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாள். அங்கே, குழல்விளக்கின் வெதுவெதுப்பில், ஆளுக்கொரு மூலையில் கால்நீட்டிப் படுத்திருந்தன. இவை வேறு எலிகள், வேறொருவருடைய வேலைக்கு வந்தவை. அவளுடையவை நாற்பத்தெட்டும் முந்தைய மார்கழியிலேயே முடிந்துவிட்டன. களிம்பு பூசியவை இருபத்துநான்கு, மேல்தட்டில். மருந்தில்லாத வெறுங்களிம்பு பூசியவை இருபத்துநான்கு, கீழ்த்தட்டில். மேல்தட்டில் புண்கள் விரைவில் மூடின, கீழ்த்தட்டில் மூடவில்லை. களிம்பு வேலை செய்கிறது என்று ஆய்வகம் முழுவதும் மைசூர்பாகு சாப்பிட்டது. குளிரில் நடுங்கும் உடம்பில் புண் ஆறச் சுணங்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆறியது களிம்பாலா, வெதுவெதுப்பாலா? தெரியாது. களிம்பு பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. பொய் என்று தெரிந்துவிட்டால்கூட ஒருவிதத்தில் நிம்மதி. அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இது அப்படியன்று. இரண்டு நூல்களும் ஒரே முறுக்கில் திரிக்கப்பட்டுவிட்டன. எந்தக் கணக்கைப் போட்டும் இனிப் பிரிக்க முடியாது. நாற்பத்தெட்டு உயிர்களும் வாய் திறந்து எதையும் சொல்லாமலே போய்விட்டன.

பெட்டிகளைப் பிரித்து வைக்கச் சொன்னது வேறு யாருமில்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் காத்தமுத்து, பெட்டிகள் வந்திறங்கிய அன்று, "எப்படி அடுக்கட்டும் மேடம்?" என்று கேட்டான். "மேலே மருந்து, கீழே வெறுங்களிம்பு. ஒன்றோடொன்று கலக்கவே கூடாது" என்று சொன்னாள். "மேல்வீடு, கீழ்வீடு. சரிங்க மேடம், வாடகை ஒண்ணுதானே?" என்று அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். கலக்காமல் இருப்பதுதான் ஒழுங்கு என்று அவள் கை அறிந்திருந்தது. பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் வைக்கிற கை, புடவைகளை நிறவாரியாக மடிக்கிற கை. திருமணமான புதிதில் அறவாழி தம் நில அளவைச் சங்கிலியைக் கழுவாமல் முற்றத்தில் போட்டபோது அதை எடுத்துத் துடைத்து, கண்ணி கண்ணியாக மடித்து ஆணியில் மாட்டிய கை. "மங்கை, நான் ஊரான் வயலையெல்லாம் அளந்து கோடு போடுறேன், நீ என்னையே அளந்து கோடு போட்டுட்டியே" என்பார். நல்ல பரிசோதனை அந்தக் கைக்கு எதிரானது என்பதை இவ்வளவு பிந்தியா அறிந்துகொள்ள வேண்டும்? புத்தகத்தில் படித்ததுதான், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறாள். எது எங்கே போக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்ய வேண்டும். மருந்தும் வெறுமையும் எல்லாத் தட்டுகளிலும் கலந்து கிடக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரிய வேண்டும். அந்தக் குப்பைக்குள்தான் உண்மை ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளியே வரும். தெரிந்தேதான் இருந்தது. ஆனால் பெட்டிகள் வந்து இறங்கிய அந்த நிமிடத்தில் பேசியது அறிவன்று, கை.

வராந்தாவின் கோடியில் தண்ணீர்க் குடுவையிலிருந்து யாரோ நீர் பிடித்தார்கள். குமிழி ஒன்று 'குபுக்'கென்று மேலேறியது. தாகமாக இருப்பது தெரிந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை. எழுந்து போன நேரத்தில் அழைத்துவிட்டால்? அழைத்தால்தான் என்ன, இன்னும் அழைக்காமலே இருந்துவிட்டால்தான் என்ன. காலையில் மாடிப்படியில் இயக்குநர் இளஞ்சேரன் அவளை நிறுத்தினார். அவளைவிட எட்டு வயது இளையவர். எப்போதும் இரண்டு படி கீழே நின்றுதான் அவளோடு பேசுவார், அது அவருடைய மரியாதை. "மேடம், நீங்க சொன்னதை யோசிச்சேன். காத்து கீழே வருதுன்னா வருது. அதனால மருந்து வேலை செய்யலைன்னு ஆயிடுமா?" "செய்கிறது என்றும் ஆகாது." "அதைத்தான் பத்து எலியை வச்சுப் பாக்கப் போறீங்களே. கூடுதல் உறுதிக்காகன்னு சொல்லுங்க, போதும். பொய் இல்லையே?" பொய் இல்லைதான். அவர் குரலைத் தாழ்த்தினார்: "சார் கால் எப்படி இருக்கு?" அந்தக் கேள்விக்குள் கத்தி எதுவும் இல்லை. உண்மையான அக்கறைதான். அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. "இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். இருக்கிறது. கால் இருக்கிறது. என்ன விடை அது. ஒரு விரல் போய்விட்டது, மற்றவை இருக்கின்றன என்று சொல்லியிருக்க வேண்டும். குதிகாலில் எட்டணா அகலத்துக்குத் தொடங்கிய புண் இப்போது ஒரு ரூபாய் அகலத்தையும் தாண்டிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

தை மாதத்தில் அது சிறுத்தது. பொய்யில்லை, அவளே அளவுகோலை வைத்துப் பார்த்தாள், சிறுத்தது. அந்த மாதத்தில்தான் மருத்துவரை மாற்றினார்கள். அந்த மாதத்தில்தான் மெத்தென்ற புதுச் செருப்பு வந்தது. இரவுச் சாப்பாட்டில் சோற்றை நிறுத்தி வரகுக்கு மாறியதும் அப்போதுதான். எது சிறுக்க வைத்தது? மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு இப்போது எதைப் போய்க் கேட்பது? மாசியில் புண் மறுபடி விரிந்தபோது மருத்துவரும் அவரேதான், செருப்பும் அதேதான், வரகும் அதேதான். "எது ஆத்துச்சுன்னு தெரியணும்னா திரும்பவும் புண்ணாக்கிப் பாக்கணும், அதான் பாக்குது" என்றார் அறவாழி. அவள் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். மாலையில் அவள் வீடு திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உன் எலிங்க எப்படி இருக்கு?" என்பதுதான். சென்ற ஆண்டு முழுவதும், "ஆறுதுங்க" என்று சொன்னாள். "குடுத்து வச்சதுங்க" என்பார். நாற்பத்தெட்டும் முடிந்துபோன நாளில் அவள் எதையும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நடக்கக் கூடாத காலோடு எழுந்து வந்து குழாயை மூடினார். "போதும் மங்கை, தோல் உரிஞ்சிடும்." அந்த மனிதரிடம் போய், அந்த நாற்பத்தெட்டும் வீண் என்று எப்படிச் சொல்வது? மூக்குக்கண்ணாடி விழுந்த நாளிலிருந்து இன்றுவரை சொல்லவில்லை. அவர் கேட்கிறார்; "இப்போது எலி இல்லைங்க" என்கிறாள். அதுவும் பொய் இல்லை.

ஆடி மாதத்து வரிசையிலும் பாதிப்பேருக்கு வெறுங்களிம்புதான். யாருக்கு எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, பூசிக்கொள்கிறவருக்கும் தெரியாது. அவர் எந்தப் பாதியில் விழுவாரோ? அவளே வகுத்த ஏற்பாடு. சீட்டு அவளுக்காக உறவு பார்க்காது. அப்படியானால் அவள் காக்க நினைப்பதுதான் எதை? வேலை செய்கிறதா என்றே தெரியாத மருந்து, அதுவும் கிடைக்குமா என்றே தெரியாத பாதி. அந்தப் பாதியின் பாதிக்காகத்தானே இந்த இருக்கையில் உட்கார்ந்து விரலை விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறாள்? ஆமாம், அதற்காகத்தான். அந்தப் பாதியின் பாதியை நம்பித்தான் ஒருவர் தினமும் காலண்டரில் ஆடி மாதத் தாளை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு விடுகிறார். வேறு நம்பிக்கையைக் கையில் கொடுக்காமல் இதைப் பிடுங்குவது எப்படி? வேறு முப்பது பேரும் இருக்கிறார்கள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவர்களுக்கும் புண் இருக்கிறது, அவர்களும் ஏதோவொரு தாளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லாததைப் பூசிக்கொண்டு, வேறு மருத்துவத்தை விட்டுவிட்டு, மழைக்காலத்தை அடைவார்கள். ஆனால் அவர்களின் கால்களை அவள் கழுவியதில்லை. கழுவிய காலும் கழுவாத காலும் ஒன்றாகுமா? ஆக வேண்டும். ஆகவில்லையே.

"மேடம், வாங்க" என்று கதவு திறந்தது. எழுந்தாள், இருக்கை இடிக்கவில்லை. உள்ளே ஐவர். நடுவில் குழுத் தலைவர் ஆசீர்வாதம், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், வெள்ளை மீசை. மாட்டுக்கு ஊசி போட்டுப் போட்டுப் பழகிய கனத்த கைகளை மேசைமேல் வைத்திருந்தார். ஓரத்தில் இளஞ்சேரன். அவளைப் பார்த்து இமையைத் தாழ்த்தி உயர்த்தினார். "உக்காருங்கம்மா. போன தடவை நாப்பத்தெட்டு வாங்கினீங்க. முடிவு பிரமாதம்னு அறிக்கை வந்திருக்கு. மனுசனுக்கே போகப்போறீங்க. இப்ப எதுக்கு இன்னும் பத்து?" என்று நேராகவே கேட்டார். அவள் முதலில் வடிவமைப்பைச் சொல்லத் தொடங்கினாள்; அது எளிது, அதில் குரல் நடுங்காது. "இந்த முறை இரண்டு குழுக்கள் இல்லை. ஒவ்வொரு எலியும் தனக்குத் தானே ஒப்பீடு. முதுகில் இரண்டு சிறு புண்கள். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. எந்தப் பக்கத்துக்கு மருந்து என்பதைச் சீட்டு முடிவுசெய்யும். பெட்டிகள் எல்லாத் தட்டுகளிலும் கலந்திருக்கும். இரண்டும் ஒரே உடம்பு என்பதால், எலிக்கும் எலிக்கும் உள்ள வேறுபாடு குறுக்கே வராது. அதனால்தான் பத்தே போதும்." "ஒரு பக்கம் பூசினது மறுபக்கம் போயிடாதா?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர். "இரத்தத்தில் கலக்கும் அளவு மிகமிகக் குறைவு, அளந்திருக்கிறோம். மற்றபடி, ஒரே இரத்தம், ஒரே சர்க்கரை, ஒரே தூக்கம். ஒரு பக்கம் புண் ஆறாத உடம்பில் மறுபக்கமும்..."

நின்றுவிட்டாள். ஒரு பக்கம் ஆறாத உடம்பில் மறுபக்கமும். வெள்ளைக் காலுறை. இரண்டு. திருச்சிச் சித்திரையில் காலுறை போடுகிறவர் யார் என்று அவளே கேட்டாள். அவளே பதில் தேடாமல் வந்தாள். அவள் நுழைந்தபோது அவர் செய்தித்தாளைச் சற்று உயர்த்தியது இப்போதுதான் தெரிந்தது. வலப் பாதத்தைத் தரையில் முழுவதும் ஊன்றாமல், விளிம்பில் மட்டும் வைத்திருந்ததும். எத்தனை நாளாக? நேற்று இரவு குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடியதே. நேற்றா, அதற்கு முன்னாலா? இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருந்தது கண்ணுக்கு நன்றாக இருந்தது. அழகாக இருந்ததால் கேட்கவில்லை. மேலே மருந்து, கீழே வெறுமை, எவ்வளவு ஒழுங்கு. இரண்டு காலும் வெள்ளை, எவ்வளவு ஒழுங்கு. பிடரியில் குளிர்ந்தது. இந்த அறையிலும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. "மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" இளஞ்சேரன் கோப்பையை நகர்த்தினார், நகர்த்தியபடியே, தலைவரைப் பார்த்து, அவளுக்காக, "ஒரு கூடுதல் உறுதிக்காகத்தான் சார்..." என்று தொடங்கினார். அவள் தலையசைத்தால் போதும். பேசக்கூட வேண்டாம். ஆடி மாதம் அங்கேயே இருந்தது, மேசையின் மறுபக்கத்தில், தாளை விரலால் தூக்கினால் தெரியும் தூரத்தில். இப்போது ஒரு காலுக்கன்று, இரண்டு கால்களுக்கு. கோப்பையைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. மறுபடி வைத்தாள், மேசையின் விளிம்புக்கு நேராக இல்லாமல், எங்கேயோ, கோணலாக.

"இல்லை" என்றாள். "முந்தைய பரிசோதனை செல்லாது."

குளிர்காற்றைப் பற்றியும் தட்டுகளைப் பற்றியும் எந்த இடத்திலும் நிறுத்தாமல் சொன்னாள். பிரித்து வைக்கச் சொன்னது தான் என்பதையும் சொன்னாள். ஆசீர்வாதம் மீசையைத் தடவினார். "ஏம்மா, உங்க மருந்து நல்ல மருந்தாவும் இருக்கலாமே?" "இருக்கலாம் ஐயா. இருக்க வேண்டும் என்று என்னைவிட வேண்டிக்கொள்கிறவர் யாரும் இல்லை. ஆனால் தெரியாது." ஆசீர்வாதம் விண்ணப்பத்தைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். "பத்து எலிக்கு அனுமதி. மனுசனுக்குப் பூசறது இப்போதைக்கு நிக்கட்டும்." இளஞ்சேரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வணங்கிவிட்டு வெளியே வந்தாள். அதே இருக்கையில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். அவர் எடுக்க நேரமாயிற்று. முன்பெல்லாம் இவ்வளவு நேரம் ஆனதில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

"என்ன மங்கை, எலி கிடைச்சுதா?"

"கிடைத்தது. பத்து."

"அப்புறம் என்ன, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஆடி மாதம் இல்லைங்க. முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். இரண்டு வருடம் ஆகும்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுழலும் ஓசை மட்டும் கேட்டது. "சரி விடு. எலிங்க பாவம், அதுங்களாவது அவசரமில்லாம ஆறட்டும்."

அவளுக்குக் கேட்க எத்தனையோ இருந்தன. எப்போது, எவ்வளவு அகலம், ஏன் சொல்லவில்லை.

"வரும்போது கட்டுத்துணி வாங்கி வரட்டுமா?"

"வாங்கிட்டு வா. தீரப்போகுது."

"ஒரு சுருள் போதுமாங்க?"

மின்விசிறி சுழன்றது. வெகுநேரம் சுழன்றது.

"ரெண்டா வாங்கிக்க" என்றார் அறவாழி.